விமானத்தின் முழங்கால்

1909-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் தேதி காலையில், லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் தமது சிறிய விமானத்தில் ஏறி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தின் கரையை அடைந்தார். ஏறத்தாழ 36½ நிமிஷப் பயணம். கடலின்மேல் பறந்து வேறொரு நாட்டில் இறங்கிய அவரை உலகம் கொண்டாடியது. விமானத்தின் வரலாற்றைக் கூறும் எந்த நூலிலும் அவர் பெயர் இடம்பெறாமல் போவதில்லை. ஆனால் அவர் எப்படி இறங்கினார் என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. டோவர் கோட்டைக்கு அருகேயுள்ள சரிவான புல்வெளிக்கு மேலே அவர் வந்தபோது, காற்று விமானத்தைப் பிடித்து அலைக்கழித்தது. தரைக்குமேல் சுமார் 20 மீட்டர் உயரத்தில் அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். விமானம் தொப்பென்று தரையில் விழுந்தது. சக்கரச் சட்டம் சேதமுற்றது. சுழல்விசிறியின் ஓர் அலகு முறிந்தது. பிளேரியோவுக்கோ அடி எதுவும் படவில்லை.

சட்டம் சிதைந்ததும் மனிதர் பிழைத்ததும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. சட்டம் வாங்கிக்கொண்ட அடி அவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பறப்பதற்கு இறக்கை வேண்டும், எஞ்சின் வேண்டும் என்பது யாவருக்கும் தெரியும். பறந்தவர் உயிரோடு தரையில் இறங்குவதற்கு வேறொன்றும் வேண்டும். விமானத்துக்கும் தரைக்கும் இடையே இருந்து, அடியைத் தான் ஏற்றுக்கொண்டு அடக்குகிற ஒரு கால் வேண்டும். அந்தக் கால் எப்படி உருவாயிற்று என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நம்முடைய கால்களையே எடுத்துக்கொள்வோம். திண்ணையிலிருந்து குதிக்கும் சிறுவன், கால் தரையில் பட்டவுடன் முழங்காலை மடக்கிக் குந்துகிறான். யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை. முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு குதித்துப் பார்த்தால், அந்த அடி முதுகெலும்பு வழியாகத் தலை வரையில் ஏறுவது தெரியும். கட்டடம் கட்டும் இடங்களில் கீழே நிற்பவர் செங்கல்லை வீச, சாரத்தின்மேல் நிற்பவர் அதைப் பிடிப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல் கையில் பட்டதும், அது வந்த திசையிலேயே கையைச் சிறிது போகவிட்டுத்தான் அவர் நிறுத்துகிறார். இரண்டிலும் உள்ள உண்மை ஒன்றே. ஓடிவரும் பொருளைக் குறைந்த தூரத்தில் நிறுத்தினால் பெரிய விசை வேண்டும். சற்று அதிக தூரத்தில் நிறுத்தினால் சிறிய விசையே போதும்.

இதைக் கணக்காகவும் காட்டலாம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, மனத்திலேயே போட்டுவிடலாம். தரையைத் தொடும் கணத்தில் விமானத்தின் எடையை இறக்கைகள் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்று கொள்வோம். ஆயினும் அது வினாடிக்கு ஏறக்குறைய 10 அடி வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. 18 அங்குல உயரத்திலிருந்து நழுவவிட்ட கல் தரையில் மோதும்போது ஏறத்தாழ இந்த வேகம்தான் இருக்கும். ஆகவே, விமானம் 18 அங்குலம் விழுந்ததாகவே நாம் கருதலாம். அந்த வேகத்தை ஓர் அங்குலத்துக்குள் நிறுத்த முயன்றால், விமானத்தின் எடையைப்போல் 18 மடங்கு விசை அதன் உடலைத் தாக்கும். 6 அங்குல தூரத்தில் ஒரே சீராக நிறுத்தினால் 3 மடங்கு விசையே தாக்கும். மரச் சட்டமும் துணியும் கம்பியுமாக இருந்த அக்காலத்து விமானங்களில் 3 மடங்குக்கும் 18 மடங்குக்கும் உள்ள வேறுபாடு, மறுநாள் பறப்பதற்கும் விறகாகக் கிடப்பதற்கும் உள்ள வேறுபாடு.

‘ஒரே சீராக’ என்று சொன்னேன். அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

ரைட் சகோதரர்களின் முதல் விமானத்துக்குச் சக்கரமே கிடையாது. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி, அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தின் கிட்டி ஹாக் என்னும் சிற்றூருக்கு அருகில், மணற்பாங்கான இடத்தில் அது பறந்தது. மரத்தாலான தண்டவாளத்தின்மேல் சிறு உருளைவண்டி ஒன்றில் விமானத்தை வைத்து ஓடவிட்டார்கள். விமானம் மேலே எழுந்ததும் வண்டி கீழேயே தங்கிவிட்டது. இறங்குவதற்கு அடியில் இரண்டு மரச் சறுக்குச் சட்டங்கள் மட்டுமே இருந்தன. அன்று மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் எதிர்காற்று வீசியதால், தரையை நோக்க விமானத்தின் வேகம் மிகக் குறைவு. கீழே இருந்ததோ மெத்தென்ற மணல். மணலையே அவர்களுடைய அதிர்ச்சி தாங்கி என்று சொல்லிவிடலாம். அப்படியிருந்தும் அன்றைய நான்காவது பயணம், 59 வினாடிகளில் 852 அடி சென்ற அந்தப் புகழ்பெற்ற பயணம், முன்புறச் சுக்கானைத் தாங்கும் சட்டம் முறிவதில்தான் முடிந்தது. ரைட் சகோதரர்கள் 1910-ஆம் ஆண்டில்தான் தங்கள் விமானங்களுக்குச் சக்கரம் பூட்டினார்கள்.

ஐரோப்பாவில் தண்டவாளமும் உருளைவண்டியும் செல்வாக்குப் பெறவில்லை. எந்த வயலிலிருந்தும் எழ வேண்டும், எந்தப் புல்வெளியிலும் இறங்க வேண்டும் என்று அங்குள்ளோர் எண்ணினர். ஆகவே சக்கரம் இன்றியமையாததாயிற்று. சக்கரம் வந்ததும் தொல்லையும் வந்தது. நம் ஊர்க் கட்டை வண்டியைப்போல, அச்சைச் சட்டத்தோடு இறுகப் பிணைத்தால், ஒவ்வொரு மேடும் பள்ளமும் விமானத்தின் எலும்புகளை நொறுக்கும்.

பிளேரியோ கண்ட வழி அழகானது. அவருடைய விமானத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் நிமிர்ந்த உருக்குக் குழல் ஒன்று உண்டு. சக்கரத்தைத் தாங்கும் கவை அந்தக் குழலின்மீது மேலும் கீழும் வழுக்கிச் செல்லும். சக்கரம் தரையில் மோதி மேலே ஏறும்போது, அதனோடு பிணைத்த ரப்பர்க் கயிறுகள் நீண்டு அதைத் தடுக்கும். அன்றியும், நாற்காலிகளின் அடியில் பொருத்தும் சிறு உருளைகளைப்போல, சக்கரங்கள் இருபுறமும் திரும்பவல்லவை. பக்கவாட்டில் காற்று வீசும்போது விமானம் சற்றுக் கோணலாக இறங்கினாலும், சக்கரம் தானே ஓடும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். டோவரில் இந்த ஏற்பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்ட அடி விழுந்தது. எல்லைக்குள் விழுந்த எத்தனையோ அடிகளை இதே அமைப்பு வேறு பல விமானங்களில் தாங்கியிருக்கிறது. அதே காலத்தில் ஹென்றி பார்மன் என்பவர் சறுக்குச் சட்டத்தையும் விடவில்லை, சக்கரத்தையும் விடவில்லை. ஒவ்வொரு சறுக்குச் சட்டத்தோடும் இரண்டு சிறு சக்கரங்களை ரப்பரால் கட்டிவிட்டார். சாதாரண இறக்கத்தில் சக்கரம் ஓடும். அடி மிஞ்சினால் ரப்பர் நீண்டு கொடுக்க, சறுக்குச் சட்டம் தரையைத் தொட்டு மீதியைத் தாங்கும்.

முதல் உலகப் போரின் காலத்தில், இவையெல்லாம் எளிமைப்பட்டு ஒரே மாதிரியாக வந்து நின்றன. விமானத்தின் வயிற்றிலிருந்து ஆங்கில ‘வீ’ எழுத்தைப்போல இரண்டு கவைகள் கீழே இறங்கும். இரு கவைகளின் அடிமுனைகளையும் இணைத்துக் குறுக்கே அச்சு செல்லும். அச்சை ஆணியாலோ திருகாலோ பூட்டுவதில்லை. ரப்பர்க் கயிற்றால் பல சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். ஏற்றக்காரர் கமலையைக் கயிற்றால் பிணைப்பதை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். மெல்லிய ரப்பர் இழைகள் பலவற்றைச் சேர்த்து, இழுத்த நிலையில் வைத்து, அவற்றின்மேல் பருத்தி நூலால் உறை பின்னினால் அந்தக் கயிறு கிடைக்கும். உறை, ரப்பர் அளவுக்கு மீறி நீளாமல் காக்கும். எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் கொட்டகையில் வேலை செய்யும் தொழிலாளியின் கைப்பக்குவம். விமானியின் உயிர் அந்த முடிச்சில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஏன் ரப்பர்? உருக்குச் சுருள்வில் இல்லையா? இருந்தது. ஆனால் எடைக்கு எடை ஒப்பிட்டால், உருக்கைவிட ரப்பர் பல மடங்கு அதிகமான சக்தியை ஏற்றுக்கொள்ளும். ஒவ்வோர் அவுன்ஸ் எடைக்கும் கணக்குப் பார்த்த விமானத் தொழிலில் அதுவே பெரிய காரணம். அதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. இந்தப் பேச்சின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது.

வில் என்ன செய்கிறது? விழும் விமானத்தின் சக்தியை வாங்கித் தன்னுள் சேமித்துக்கொள்கிறது. சேமித்ததை வைத்துக்கொள்கிறதா? இல்லை. வாங்கிய கடனை மறுகணமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கீழே அமுங்கிய விமானம் மேலே எறியப்படுகிறது. வண்டியில் செல்லும்போது இது வெறும் குலுக்கல். விமானத்தில் இது ஆபத்து. தரையைத் தொட்ட விமானத்துக்குப் பறப்பதற்கான வேகம் ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் 10 அடி உயரம் தூக்கி எறியப்பட்டால், இறக்கைகள் தாங்கும் திறனை இழக்கும். முதலில் மெல்லத் தொட்ட விமானம் இப்போது கல்லைப்போல விழும். பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்து விழும். பழக்கமில்லாத மாணவ விமானி அஞ்சி மூக்கைக் கீழே அழுத்தினால், சுழல்விசிறி மண்ணில் குத்தி விமானம் குப்புறக் கவிழவும் கூடும். முதல் அடி கொல்லாத விமானியைத் துள்ளலுக்குப் பின் வரும் இரண்டாவது அடி கொல்லலாம்.

ரப்பர் இங்கேதான் உருக்கை வெல்கிறது. நீட்டிவிட்ட ரப்பர் சுருங்கும்போது, வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு அதன் உள்ளேயே வெப்பமாகிப் போகிறது; பருத்தி உறையின் உராய்வில் இன்னும் கொஞ்சம் கழிகிறது. ஒரு ரப்பர் வளையத்தை விரைவாகப் பலமுறை இழுத்துவிட்டு உதட்டில் வைத்துப் பாருங்கள்; சூடு தெரியும். அது அப்பியாச புத்தகத்தில் எழுதத்தக்க சோதனை அல்ல என்று உங்கள் ஆசிரியர் சொல்லலாம், ஆனாலும் உண்மை.

இதன் மதிப்பை ஜெர்மானியர் இழந்தபோது உணர்ந்தனர். 1914-இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனிக்குச் செல்லும் கடல்வழிகளை அடைத்தது. ரப்பர் மரம் ஐரோப்பாவில் வளர்வதில்லை. மலேயாவிலும் இலங்கையிலும் இருந்த தோட்டங்களின் ரப்பர், பிரேசில் நாட்டுக் காட்டு ரப்பரை மிஞ்சத் தொடங்கியிருந்த காலம் அது. மலேயாத் தோட்டங்களில் விடியற்காலையில் மரம் சீவிப் பால் வடித்தவர்களுள் பெரும்பகுதியினர் நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிய தொழிலாளர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது தகும். அந்தப் பால் பிரிட்டிஷ் விமானத்தின் அச்சைக் கட்டியது. ஜெர்மன் விமானத்துக்கு அது எட்டவில்லை. ஆகவே போரின் பிற்பகுதியில் ஜெர்மானியர் பல விமானங்களில் ரப்பர்க் கயிற்றுக்குப் பதிலாக உருக்குச் சுருள்வில்களை வைத்து அச்சைக் கட்ட நேர்ந்தது. உருக்கு உறுதியானது, ஆனால் வாங்கியதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடும் இயல்புடையது.

ரப்பருக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. வெயிலில் அது வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊறி நைந்துபோகும், கடுங்குளிரில் விறைக்கும். விமானங்களின் எடை ஏற ஏற, கயிற்றின் சுற்றுகளும் பெருகின. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வேறு. நான் நினைவில் வைக்கச் சொன்ன ‘ஒரே சீராக’ என்ற சொல் இங்கே வருகிறது. வில்லானாலும் ரப்பரானாலும், தொடக்கத்தில் தடை சிறிதாகவும் முடிவில் மிகப் பெரிதாகவும் இருக்கும். நம் கணக்கில் 6 அங்குலத்தில் சராசரியாக 3 மடங்கு விசை போதும் என்றோம். சீரான வில் அந்த வேலையைச் செய்யும்போது, சுழியத்தில் தொடங்கி, இறுதியில் 6 மடங்கு வரையில் ஏறிவிடும். சட்டம் முறிவது சராசரியினால் அல்ல. அந்த இறுதிக் கணத்தின் உச்சத்தினால்.

இதற்கு விடை விமானக் கொட்டகையில் கிடைக்கவில்லை. பீரங்கிப் பட்டறையில் கிடைத்தது. பழைய பீரங்கிகள் ஒவ்வொரு முறை சுடும்போதும் வண்டியோடு பின்னுக்குத் துள்ளின. மறுபடியும் இடத்தில் நிறுத்திக் குறிபார்த்த பிறகே அடுத்த குண்டு. பிரெஞ்சு ராணுவம் 1897-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட 75 மில்லிமீட்டர் பீரங்கியில் வண்டி அசையவில்லை. குழாய் மட்டும் பின்னுக்கு ஓடியது. எண்ணெயும் அமுக்கிய காற்றும் அடங்கிய ஓர் உருளை அந்த ஓட்டத்தை விழுங்கி, குழாயை மெல்ல முன்னுக்குத் தள்ளியது. நிமிஷத்துக்குப் பதினைந்து குண்டு சுட முடிந்தது அதனால்தான். பின்னுக்குப் பாயும் பீரங்கிக் குழாயும் கீழே பாயும் விமானமும் பொறியியல் கண்ணுக்கு ஒன்றே. இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம் 1915-இல் தன் பீரங்கிகளின் அமைப்பை ஒட்டி விமானத்துக்கு எண்ணெய்க் கால் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றது. பிரான்சில் பிரெகே நிறுவனம் அத்தகைய கால்களை விமானத்தில் முதலிலேயே கையாண்டவர்களைச் சேர்ந்தது. உயிரைப் போக்கச் செய்த கருவி உயிரைக் காக்க வந்தது என்று சிலர் வியப்பார்கள். எனக்கு அதைவிட, அடியை அடக்கும் கலையைப் பீரங்கிக்காரர் விமானக்காரருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னதாகக் கற்றுவிட்டனர் என்பதே வியப்பாக இருக்கிறது.

எண்ணெய் எப்படி அடியை விழுங்குகிறது? தைப்பொங்கல் காலத்திலோ மாமன் மைத்துனர் மஞ்சள் நீர் விளையாடும்போதோ பீச்சாங்குழல் பிடித்திருப்பீர்கள். மெல்லத் தள்ளினால் தண்டு எளிதாகப் போகும். ஓங்கிக் குத்தினால் கையை எதிர்த்து நிற்கும். சிறு துளையின் வழியே திரவம் விரைந்து செல்லும்போது, வேகம் இரு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். விமானத்தின் காலும் ஒரு பீச்சாங்குழல்தான். ஒரு குழலுக்குள் மற்றொரு குழல் நுழைகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், இடையில் உள்ள சிறு துளை வழியாகப் பிதுங்கி மேல் அறைக்குச் செல்கிறது. அங்கே அமுக்கிய காற்று இருக்கிறது. மோதிய கணத்தில் வேகம் மிகுதி. ஆகவே எண்ணெயின் தடை மிகுதி. வேகம் குறையக் குறைய எண்ணெய் தளர்கிறது. அதற்குள் காற்று நெருக்குண்டு தன் தடையை உயர்த்துகிறது. ஒன்று இறங்க மற்றொன்று ஏறுவதால், தொடக்கம் முதல் முடிவு வரை விசை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. வில் தரமுடியாத அந்தச் சீர்மை இங்கே கிடைத்துவிட்டது. துளையின் நடுவே, நுனி மெலிந்து அடி தடித்த ஊசி ஒன்றை வைத்து, கால் அமுங்க அமுங்கத் துளை குறுகும்படி செய்பவர்களும் உண்டு.

துள்ளல் என்னவாயிற்று? எண்ணெய் பிதுங்கிய உராய்வில் சக்தி வெப்பமாகிவிட்டது. வெப்பமானது விமானத்தைத் தூக்கி எறிய முடியாது. காற்று மட்டுமே சிறிது திருப்பித் தள்ளும். அதையும் திரும்பும் வழியை மேலும் குறுக்கி மெதுவாக்கிவிடுவார்கள். எவ்வளவு வெப்பம் என்று கேட்பீர்கள். ஒரு டன் எடையுள்ள விமானம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கி மோதும்போது உள்ள சக்தி 4,500 ஜூல். அது முழுவதும் சென்றாலும் ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேல்தான் உயரும். குளிப்பதற்கு வைத்த நீரில் தெரியாத அந்த வெப்பம், அடக்க ஆளில்லாமல் போனால் ஒரு விமானத்தை நொறுக்கவல்லது!

எண்ணெய்க் கால் உடனே எங்கும் பரவிவிடவில்லை. அதற்குக் கச்சிதமாகக் கடைந்த குழல்கள் வேண்டும்; கசியாத அடைப்பு வேண்டும். கயிற்றுக்கோ கத்தியும் கைவலுவும் போதும். ஆயிரக்கணக்கான விமானிகளுக்கு முதற்பாடம் கற்பித்த ‘அவ்ரோ 504’ என்ற பயிற்சி விமானம், ரப்பரோடு, மூக்குக்கு முன்னே நீண்ட ஒரு சறுக்குச் சட்டத்தையும் தாங்கியிருந்தது. மாணவன் விமானத்தைக் குப்புறத் தள்ளிவிடாதிருக்க அந்த ஏற்பாடு. 1920-களில் அதே விமானம் புது எஞ்சினோடு ‘504 என்’ என்ற பெயரில் வந்தபோது, சறுக்குச் சட்டம் போய் எண்ணெய்க் கால்கள் வந்திருந்தன. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நியூமாட்டிக் டூல் கம்பெனி 1926-இல் காற்றும் எண்ணெயும் சேர்ந்த காலை ‘ஏரால்’ என்னும் பெயரில் அமைத்தது. ஆனாலும் அடுத்த ஆண்டு, 1927 மே மாதத்தில், லிண்ட்பெர்க் அட்லாண்டிக் மாகடலைத் தனியே கடந்து பாரிஸில் இறங்கியபோது, அவர் விமானத்தின் அடியைத் தாங்கியது ரப்பர்க் கயிறே.

இரண்டாம் உலகப் போரின்போது எண்ணெய்க் காலே வழக்கமாகிவிட்டது. இருந்தும், 1940 நவம்பரில் முதன்முதல் பறந்த பிரிட்டிஷ் ‘மஸ்கிட்டோ’ விமானத்தின் கால்களுக்குள் எண்ணெய் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ரப்பர்க் கட்டைகளே இருந்தன. நுட்பமாகக் கடைவதற்குப் பொறிகளும் ஆட்களும் கிடைப்பது அரிதான அந்நாளில், மரத்தால் செய்த அவ்விமானத்தை அமைத்தவர்கள் காலையும் எளிதாகச் செய்துகொண்டனர். இது பிற்போக்கு என்று எவரும் சொல்லவில்லை. சிறிய விமானங்களுக்கு ரப்பர் இன்னும் போதும். 1938-இல் வெளிவந்த ‘பைப்பர் கப்’ போன்ற விமானங்களில் ரப்பர் வளையங்களைக் குறித்த காலத்தில் மாற்றிப் பறப்போர் இன்றும் உள்ளனர்.

பெரிய பயணி விமானங்களோ, ஏறத்தாழ நம் கணக்கில் வந்த அதே வினாடிக்கு 10 அடி இறங்கு வேகத்தைத் தாங்கும்படி அமைக்கப்படுகின்றன. விமான நிலையத்தில் நிற்கும் விமானத்தின் கால்களை உற்றுப் பார்த்தால், தடித்த குழலுக்குக் கீழே கண்ணாடிபோல் மின்னும் ஒரு சிறு பகுதி தெரியும். உள்ளே நுழையும் குழலின் வெளியே தங்கிய பகுதி அது. பயணிகள் ஏறி, எரிபொருளும் நிரம்பிய பிறகு மறுபடி பார்த்தால், அது சில விரற்கடை குறைந்திருக்கும். விமானம் எழும்பிச் சக்கரங்கள் தரையை விட்டதும், அமுங்கியிருந்த காற்று தள்ள, கால் முழுவதும் நீண்டு தொங்கும். அடுத்த இறக்கத்துக்கு வேண்டிய தூரம் முழுவதும் அதற்குள் தயாராக இருக்கும்.